யானை இல்லாத கார்த்தேஜ்

இல்லை, லிஃப்ட்காரர் பெண்டாட்டியைத் துரத்தவில்லை. மாடியிலிருந்து பையைத் தூக்கி எறிந்தார், அது உண்மை. தெருவே கேட்கக் கத்தினார், அதுவும் உண்மை. பொறாமை பிடித்த மனுஷன் என்கிறீர்களே, அதையும் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பைக்குள் என்ன இருந்தது என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் இப்படி வாய் கிழியப் பேசியிருக்க மாட்டீர்கள்.

நாளெல்லாம் லிஃப்ட் ஓடுகிற இருட்டுக் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு, கம்பிக் கயிற்றுக்கு கிரீஸ் தடவுகிற வேலை அவருக்கு. நாலு பேர் கூடும் இடத்தில் முன்வரிசையில் உட்காராத ஆள். அவருக்கென்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இரும்பு ஸ்டூல். அதுவும் மச்சானுடைய, அதாவது பெண்டாட்டியின் தம்பியுடைய, ஜெராக்ஸ் கடையில். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். பழைய காலத்துப் போர் விளையாட்டு. மச்சான் ரோம், இவர் அதன் எதிரி கார்த்தேஜ். ஸ்டூல் குத்தும் என்று திரைச்சீலைத் துணியில் மிஞ்சியதை வைத்து பெண்டாட்டி ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். அதை வாராவாரம் அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார், அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். மச்சானைக்கூட அதில் உட்கார விட்டதில்லை.

கார்த்தேஜ் கடலோரத்து நகரம். கப்பலும் உண்டு, யானையும் உண்டு. இவர் கண்ணுக்குக் கப்பல் தெரியவே தெரியாது. விளையாட்டில் கையில் இருக்கிற காசையெல்லாம் யானையாக்கி முன்னால் நிறுத்துவார். மச்சான் நெருப்பு அம்பு விடுவான். யானைகள் மிரண்டு திரும்பி, இவருடைய ஆட்களையே மிதித்துத் துவைத்துவிடும்.

"அத்தான், எனக்கு எதுக்குப் படை? உங்க யானையே போதுமே."

"அடுத்த வாரம் பாருடா."

வருஷங்கள் போயின, அந்த அடுத்த வாரம் மட்டும் வரவில்லை. வராவிட்டால் என்ன? தோற்பதற்காவது அவருக்கென்று ஒரு இடம் இருந்தது.

அப்புறம்தான் லிஃப்ட் கதவில் வலது கை மாட்டி மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஞாயிறு வந்ததும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் சொல்றதை அமுக்கு. அவ்வளவுதான் உன் வேலை."

அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பேப்பர் பெட்டியின் மேல் மெத்தையைப் போட்டு இவர் உட்கார்ந்தார்.

"இந்த யானைங்கதான் திரும்பி வந்து நம்மளையே மிதிக்குதே. எதுக்குங்க முன்னாடி நிறுத்தறீங்க?"

"கார்த்தேஜ்னா யானைதான். அமுக்கு."

அமுக்கினாள். சில வாரம் அப்படியே அமுக்கினாள். ஒரு ஞாயிறு இவர் டீ வாங்கப் போன நேரத்தில் யானைகளை மொத்தமாகக் கலைத்துவிட்டுக் கப்பல் கட்டிவிட்டாள். துறைமுகம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனாள். ரோம் படைக்குக் கடலில் கால் வைக்கவே வழியில்லை. சாயங்காலம் ரோமே அவள் கைக்கு வந்துவிட்டது.

"அக்கா, இதை எங்க கத்துக்கிட்ட?" என்றான் தம்பிக்காரன்.

"இதுல என்னடா இருக்கு? சுத்தி ஓரம் அடிச்சுட்டா நடுவுல இருக்கற துணி எங்க போயிடும்?"

ஜெயித்தது கார்த்தேஜ். இவருடைய கார்த்தேஜ். சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் முடியவில்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எரிச்சல். மச்சான் டீயை முதலில் அவளிடம் நீட்டினால் எரிச்சல். 'நம்ம கப்பல்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருநாள் 'என் கப்பல்' என்றாள். அந்த ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் சொன்ன நாள் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து மாவுக்கட்டைத் தானே வெட்டிப் போட்டார். வீங்கிய கையோடு போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். யானைகளை முன்னால் நிறுத்தினார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மச்சான் கேலி செய்யவில்லை. "கை இன்னும் சரியாகலை அத்தான், அதான்" என்று மெதுவாகச் சொன்னான். அந்தக் கருணையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவன் இன்னொன்றும் சொன்னான், கீபோர்டைப் பார்த்தபடி. "வெளியூர்ல இந்த விளையாட்டுக்குப் போட்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை வேன் வருது. கார்த்தேஜுக்கு அக்கா வரட்டுமே."

அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்பில் உப்பு இல்லை, தையல் மெஷின் சத்தம் மண்டையைப் பிளக்கிறது, விளக்குமாறு வைத்த இடத்தில் இல்லை என்று அவருக்கு ஒரே குறை. கடைசியில் அவள் மெஷினை நிறுத்தினாள்.

"போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, போகலை. பாவம் உப்பு என்ன பண்ணும்?"

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. போ என்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை வேன் கீழே ஹாரன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அந்த மெத்தை இருந்தது. ரோமை ஜெயித்த நாளில்கூட அவள் வெறும் இரும்பில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பேச்சுக்காவது, இந்தா, இதில் உட்கார் என்று சொன்னதில்லை.

மெத்தையைப் பையில் திணித்தார். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டில் லிஃப்ட் பழுது. படியிறங்கினால் வேன் போய்விடும். இடது கையால் ஜன்னல் வழியே வீசினார். பை பொத்தென்று அவள் காலடியில் விழுந்தது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அவள் பிரித்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ரெண்டு யானையாவது வாங்குடி!" என்று கத்தினார்.

"ஒண்ணு வாங்கறேன். பின்னாடிதான் நிக்கும்."

"பின்னாடியா?"

"இஷ்டமில்லைன்னா அதுவும் வேண்டாம்."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பொறாமை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அது அப்படியேதான் இருந்தது.

"சரி. பின்னாடியே நிக்கட்டும்," என்றார்.

அவள் மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருக் கேட்டைத் தாண்டி வேனை நோக்கி நடந்தாள்.