மேசைக் காலுக்கு வைத்த படம்

"…உந்தப் பெம்பிளை வாயை மூடியிருந்தாலாவது படம் ஒருமாதிரித் தேறியிருக்கும். கடல் சரிஞ்சு கிடக்கு, கை பாதியிலை அறுபட்டுப் போச்சு. உதை வைச்சிருந்து என்ன செய்யப் போறீர்? அழிச்சுப் போடும்," என்று எங்கள் படக் கழகச் செயலாளர் சொல்லி முடித்தபோது அவருடைய அடிமட்டம் இன்னும் படத்தில் என் மச்சாளின் கழுத்துக்குக் குறுக்கேதான் கிடந்தது. பின்னால் தெரிகிற கடல் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். அந்தப் படம் இப்போது என் முன்னால் இருக்கிறது, நாலாக மடித்த கோடுகளோடு. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு ரியூட்டரி வகுப்புக் கட்டடத்தின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். வங்கியில் வேலை செய்கிற ஒருவர், கம்பஸில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், சாவகச்சேரியில் மருந்துக்கடையில் நிற்கிற நான், இப்படி ஆசைக்குப் படம் எடுக்கிற ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு படத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, குறுக்கே கட்டிய கொடியில் உடுப்புக் கிளிப்பால் கொழுவ வேண்டும். விமர்சனம் நடக்கும்போது படம் எடுத்த ஆள் வாயே திறக்கக் கூடாது. "படம்தான் கதைக்க வேணும், நீர் கதைக்கப்படாது" என்பார் செயலாளர். தேறாத படத்தை எல்லோர் கண்முன்னாலும் ஃபோனிலிருந்து அழிக்க வேண்டும். அப்போதுதான் கை திருந்துமாம். மனிதர் ஓய்வுபெற்ற படவரைஞர். முப்பது வருடம் காணி வரைபடம் கீறிய கை. கோணலாக எதைக் கண்டாலும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நேர்மையானவர், ஒருவரிடமும் பட்சபாதம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட மனிதர் என்றால் அன்றைக்கே எழும்பி வந்திருப்பேன்.

மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. மயிலிட்டியில் இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணி திரும்பக் கிடைத்ததும் முதலாவதாகப் போய்க் கொட்டில் போட்டவர்களில் அவவும் ஒருத்தி. கமராவைக் கண்டால் அவவுக்கு உடம்பே விறைத்துவிடும். "படம் எடுக்கிறது எண்டால் எனக்குச் சொல்லாதை. சொன்னியோ, பொலிஸ் ஸ்ரேசனிலை நிக்கிற மாதிரித்தான் நிப்பன்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. உண்மைதான். கலியாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறா. அந்தப் படம் எடுத்த அன்று காலை அண்ணை, ஃபோனைக் காதில் வைத்து யாரையோ அதட்டிக்கொண்டே வள்ளத்திலிருந்து இறங்கினார். இறங்கினவர் வழுக்கிச் சேற்றில் இருந்துவிட்டார். இருந்தபடியே அதட்டல் மட்டும் நிற்கவில்லை. மச்சாள் மீன் கூடையைப் போட்டுவிட்டு, தலையில் கையை வைத்து, கடவாய்ப் பல் தெரியச் சிரித்தா. நானும் சிரித்துக்கொண்டுதான் ஃபோன் கமராவை அமத்தினேன். கடல் சரிந்தது அதனால்தான். இந்த ஒரு வசனத்தை அந்த மேல்மாடியில் சொல்லியிருந்தால் போதும். வாய் திறக்கக் கூடாதே.

அழித்தேன். என்னை யாரும் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை. என் விரல்தான் அழித்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அழித்துவிட்டு, நல்ல மாணவியைப் போல அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்த அறையில் மேசையின் ஒரு கால் கட்டை. தேறாத படங்களில் ஒன்றை மடித்து அதற்கு அடியில் வைப்பது வழக்கம்; அது நைந்து போனால்தான் அடுத்தது. அன்றைக்கு மச்சாளின் முறை.

ஒன்றரை வருடம் கழித்து, மூன்றே நாள் காய்ச்சலில் மச்சாள் போய்விட்டா. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும், அந்த நினைவுப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அவவுடைய முகம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் அடையாள அட்டைப் படமும், பொலிஸ் ஸ்ரேசன் படங்களும்தான். அண்ணை அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் சேத்துக்கை விழேக்கை அவள் சிரிச்சது ஒண்டு உன்னட்டை இருந்ததெல்லே? அதைத் தா. அவள் அவளாய் இருந்தது அதிலை மட்டும்தான்." ஓம் என்றேன். ஃபோனை அவருக்கு முன்னால் தடவிக்கொண்டே இருந்தேன். அதை அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டாம் தரமும் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே படியேறினேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி தன் படத்தை முதல் ஆளாகக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கீழே போயிருந்தாள். செயலாளர் தனியே கதிரைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். "சேர், மேசைக் காலுக்குக் கீழை கிடக்கிறதை நான் எடுக்க வேணும்" என்றேன். ஏன் என்று கேட்காமல் அவரே குனிந்து, மேசையைத் தூக்கி, இழுத்தெடுத்து, புழுதியைத் தட்டி விரித்தார். மடிப்பு மச்சாளின் கன்னத்தால் ஓடியது. ஸ்ரூடியோக்காரர் எவ்வளவு முயன்றும் அது முழுதாகப் போகவில்லை. கல்வெட்டின் முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அவர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கையில் அடிமட்டம் இல்லை. முகம் மெல்ல இளகியது.

"என்ன சிரிப்பு இது, பிள்ளை," என்றார். "பாக்க எனக்கும் சிரிப்பு வருது. ஆர் எடுத்தது?"

நான்தான் என்றேன். அழிக்கச் சொன்னதும் நீங்கள்தான், அவ செத்துப்போனா, என்றேன். என் குரல் படி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் படத்தை என்னிடம் நீட்டினார். மேசையில் கையை ஊன்றினார். மேசை ஆடியது. நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். அந்தப் புதுப் பிள்ளையின் படத்தைக் கழற்றி, ஒருதரம்கூட அதைப் பாராமல், நாலாக மடிக்கத் தொடங்கினார்.