விற்கப் போன பாண் ஓட்டோ

பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்பவனுக்கு ஆயுசு முழுக்க ஒரே பாட்டுத்தான். தொழில் தோழர்களே, உங்களுக்கும் அது நித்திரையில் கேட்கிறதா?

முகம் பார்க்க

கொரோனா ஊரடங்கில், ஏறாவூரிலிருந்து செங்கலடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓட்டோவில் போக எனக்குப் பாஸ் கிடைத்தது. பாட்டுக் கேட்டதும் ஆட்கள் முகக்கவசத்தோடு வந்து எட்ட எட்ட நிற்பார்கள். தனியாக வாழும் சரசு அக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதுபோல் என்னை 'நானா' என்பார்; தினமும் ஒரு பணிஸ் வாங்குவார். ஒருநாள் அதை நாய்க்குப் போடுவதைக் கண்டேன். கோபத்தில் கேட்டும் விட்டேன்.

"பணிசுக்கா வாற நான்? ஒரு மனிசமுகம் பாக்கத்தானே வாற நான், நானா!"

கைப்பழக்கம்

ஊரடங்கு போனது; பின்னாலேயே வந்த டொலர் தட்டுப்பாட்டில் கோதுமை மாவும் போனது. பேக்கரி மூடிவிட்டது. கட்டாருக்கு வேலைக்குப் போகலாமென்று, வண்டியைத் தரகரிடம் விற்கச் செங்கலடிக்குப் புறப்பட்டேன். வழியில் சரசு அக்காவின் ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு, வந்ததும் கை தன்பாட்டில் பாட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டது. ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியிலோ ஒன்றுமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. விசயத்தைச் சொன்னேன். அக்கா உள்ளே போய், ஒரு தட்டு அரிசிமா ரொட்டியோடு வந்தார்.

"பெட்டி நல்லாத்தானே கிடக்கு. இத வைச்சு அடுத்த தெருவில பாட்டப் போடுங்க."

கழுவிய பாத்திரம்

ரொட்டி அடுத்த தெருவிலேயே முடிந்தது. செங்கலடிக்கு நான் போகவேயில்லை. மெல்ல மெல்ல ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பிட்டும் ரொட்டியும் தரத் தொடங்கினார்கள். பக்கத்து வட்டை வயலில் விளைந்த நெல், அவர்களே இடித்த மா. அக்காவுக்கு ஒரே நிபந்தனை: பொலித்தீன் பை கிடையாது, பாத்திரம் கொண்டுவர வேண்டும். வந்தாறுமூலையில் அறை எடுத்துப் படிக்கும் மாணவன் ஒருவன் தன் ஹெல்மெட்டை நீட்டினான். நான் முழித்தேன்.

"பயப்படாதீங்க நானா, கழுவித்தான் கொண்டந்த நான்."

மறுபடி தரகர்

கோதுமை மா திரும்பி வந்தது, பேக்கரியும் திறந்தது. இப்போது மேல்தட்டில் மட்டும் பாண், மற்றதெல்லாம் ஒழுங்கையின் பண்டம். போன மாரியில் வெள்ளம் பேக்கரிப் பாதையை மூடிப் பாண் வராத நாட்களிலும் எங்கள் பெட்டி நிறைந்தே இருந்தது. சொல்லப் பெருமையாகத்தான் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் அந்தப் பழைய தரகர், பண்டம் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து நல்ல விலை சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் சரசு அக்கா முந்திக்கொண்டார்.

"நானா தனிய விக்க ஏலா தம்பி, எங்க எல்லாரிட்டயும் கேக்கணும்."

ஆக, வண்டி என் பெயரில்தான் இருக்கிறது; விற்கும் உரிமை ஒழுங்கைக்குப் போய்விட்டாலும், பெற்றோல் அடிக்கும் உரிமையைப் பெருந்தன்மையோடு எனக்கே விட்டுவைத்திருக்கிறார்கள்.