செல்வி அக்கா சொன்ன முடிவு

சந்தா கட்டினால் ஆயிரம் கதைகளைக் காதில் ஊற்றுமாம். மகன் என் போனில் அப்படி ஒரு ஆப்பைப் போட்டுவிட்டிருக்கிறான். நேற்று ரசம் வைக்கும்போது ஒன்றைக் கேட்டேன். 'அவள் அழுதாள்' என்று வாசித்துவிட்டு அந்தக் குரலே ஒருமுறை விசும்பியது. பின்னால் வீணை வேறு. தாழ்ப்பாள், 'தால்ப்பால்' ஆனது. இந்த லட்சணத்துக்கு மாதச் சந்தா.

சந்தா எனக்குப் புதிதல்ல. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. வாடகை நூலகக்காரர் வாராவாரம் மொபெட்டில் நாவல்களோடு வருவார். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே சந்தா. சாப்பாட்டு நேரத்தில் செல்வி அக்கா உரக்க வாசிப்பார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். புதுத்துணி வாடையும் புளிச்சாத வாசமுமாக நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லை. முந்தின நாளே எடுத்துப் பார்த்திருந்ததால் எனக்குத் தெரியும். அக்கா நிறுத்தவில்லை. கிழிந்த இடத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அவ புருசன்கிட்டத் திரும்பிப் போகல. தனியா ஒரு ரூம் எடுத்தா. மொத நாள் கதவைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்குனா."

ஒருத்தியும் சோற்றில் கை வைக்கவில்லை. பிளஸ் டூ படித்த மேதாவியான எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது புஸ்தகத்துல இல்லீங்கக்கா. பக்கமே கெடையாது. நீங்களா உடறீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீயே படி தாயி. நீ படிச்ச புள்ள."

அடுத்த நாவலை நான் படித்தேன். ஓரெழுத்துப் பிசகவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் டிபன் பாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சந்தா நின்றது.

"ஏனுங்க, புஸ்தகம் புடிக்கலீங்களா?" என்றார் நூலகக்காரர்.

"நேரமில்லீங்க" என்று கூசாமல் சொன்னேன்.

அக்கா கணவனை விட்டு வந்து தனி அறையில் இருந்தவர் என்பது அந்தத் தீபாவளிக்கு முன்தான் எனக்குத் தெரிந்தது. கணவரும் அக்காவின் அண்ணனும் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றார்கள். கூடப் போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர்களோடு நடந்தார்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். வாசலில் நின்ற காவலாளிக்கு அங்கே பனியன் தைத்தார்கள் என்பதே தெரியவில்லை. செல்வி என்று ஒருவர் இருந்தார் என்று யாரிடம் போய்க் கேட்பது?