தூக்கத்துல தேஞ்ச பல்லு

இன்னைக்கு அரியாங்குப்பத்துல பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். ஜில்லுனு தண்ணி குடிச்சா பல்லு கூசுது.

டாக்டர் சின்னப் பொண்ணு. கண்ணாடிய புடிச்சிக் காட்டுச்சி. கடவாப்பல்லெல்லாம் தேஞ்சி தட்டையா கெடக்கு.

"தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறீங்க ஆன்ட்டி. வீட்ல யாரும் சொல்லலியா?"

சொல்லுவாரு எங்க வீட்டுக்காரரு. தூக்கத்துலயே என் தோள தட்டி "பல்லு, பல்லு"ம்பாரு. நானும் நிறுத்திடுவேன். காலைல, "உன்னால என் தூக்கமே போச்சு"ன்னு ஒரு பாட்டம் திட்டுவாரு.

அவரு போயி, வர்ற ஆடிக்கு ஒரு வருஷம்.

"இல்லம்மா, யாரும் சொல்லல"ன்னேன்.

தேஞ்ச பல்லுக்கு கேப் போடலாமாம். மேல தேயாம இருக்க, படுக்கும்போது மாட்டிக்க ஒரு உறை தருவாங்களாம். அளவு குடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த உறை போடுறவங்க இருந்தா சொல்லுங்க. காலைல எழுந்ததும் அது திட்டுமா?