மடவைக்கு ஒரு தொட்டி

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் சின்னதாய் ஒரு மீன் காட்சியகம். கடல் தண்ணீர் சுமந்து ஆறு கண்ணாடித் தொட்டிகளை நிரப்புவது என் வேலை. ஐந்தில் வண்ண மீன்கள். மஞ்சள், நீலம், வரி வரியாய். எங்கள் கோவளத்தில் அவை வலையில் விழுந்தால் மணலில் வீசுவோம், காக்கை கொத்தும். இங்கே அவற்றுக்குக் கூழாங்கல், விளக்கு, வேடிக்கைக் கூட்டம்.

ஆறாவது தொட்டி காலி. அதில் எங்கள் கழிமுகத்து மடவை நீந்த வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்களை வளர்த்த மீன் அது.

மேலாளரிடம் கேட்டேன். சிரித்தார். "சாம்பல் கலர் மீனை எவன்யா பார்ப்பான்? குழம்புக்குத்தான் லாயக்கு. சரி, ஞாயிறு வரைக்கும் வை. யாரும் நிக்கலேன்னா எடுத்துடணும்."

மீன் விற்கும் என் அத்தை குடத்தில் நாலு மடவையை உயிரோடு பஸ்ஸில் கொண்டுவந்தாள், வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலைத்தபடி. தொட்டியில் விட்டதும் நாலும் ஒரே திசையில் திரும்பின. வெள்ளியா, ஈயமா, மழைக்கு முந்திய வானமா! நான் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம்வரை ஒருவரும் நிற்கவில்லை. அப்போதுதான் வியாபாரம் முடித்து, காலிக் கூடையும் கூட்டாளிகளுமாய் அத்தை நுழைந்தாள். வண்ண மீன்களைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இன்னாடி இது, பொம்மைக்கு பெயிண்ட் அட்ச்சா மாதிரி கீது! வாயில வெச்சா வெறும் முள்ளு."

ஆறாவது தொட்டிக்கு வந்தாள். சந்தைப் பழக்கம்; கை தானாக உள்ளே போனது. ஒரு மடவையை அள்ளி, செவுளைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கடி, ரத்தமா கீது! இத்தப் போயி பழசுன்னு எவளாச்சும் சொல்லட்டும்!"

மேலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, கையை எடு!"

"இன்னா சார் கூவிகினு கீற? செவுளு பாக்காம மீன எப்டிப் பாக்கறது?"

மீன் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதற்குப் புளியா மாங்காயா என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆளுக்கொரு குழம்பு சொல்ல, ஐந்து தொட்டிக் கூட்டமும் ஆறாவதைச் சூழ்ந்துகொண்டது. பின்னால் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். மேலாளருக்கே இடமில்லை.

மறுநாள் தச்சரை வரவழைத்து, அந்தத் தொட்டிக்கு மட்டும் கம்பிவலை மூடி போட்டார். மடவையை எடுக்கச் சொல்லவில்லை.

சேதி கேட்ட அத்தை இடுப்பில் கை வைத்தாள்.

"பாத்தியா நைனா? நம்ம மீன எவனாச்சும் தூக்கினு பூடுவான்னு பயம். அந்தக் கலரு மீனுக்கு மூடி போட்டானா?"