அறுபது தூர்

குடிநீர் அலுவலகத் தோட்டக்காரியை அங்கே எல்லோரும் புல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. மூன்று அதிகாரிகள் மாறிவிட்டார்கள், அவளுடைய 'தற்காலிகம்' மட்டும் மாறவில்லை.

முன்பு அலுவலக வாசலில் பச்சைப் புல்தரை இருந்தது. அவளுடைய தெருவில் தண்ணீர் லாரியைக் கண்டதும் பெண்கள் குடத்தோடு முண்டியடிக்க, இங்கே யாரும் கால் வைக்கக்கூடாத புல்லுக்குக் குழாய் சுழன்று சுழன்று குடிநீர் தெளித்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. முந்தைய அதிகாரியை நச்சரித்து அதைக் கொத்தியெறிந்துவிட்டு, வறட்சி தாங்கும் அலங்காரப் புல் அறுபது தூர் நட்டாள். வேர் பிடித்தபின் குழாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இடுப்புயரத்துக்கு வளர்ந்து, வெள்ளிக் கதிர் விட்டு, காற்றில் சாய்ந்தாடியது.

வருடத்துக்கொரு முறை அது வைக்கோலாய்க் காயும். ஒரு சாண் விட்டு அறுத்தால் புதிதாய்த் துளிர்க்கும். முதலில் பாதியை அறுப்பாள். அது துளிர்த்ததைப் பார்த்த பிறகுதான் மீதியில் அரிவாளை வைப்பாள். புதிதாக வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, பாதி மொட்டை, பாதி குடுமி? ஒரே மாதிரி பண்ணுங்க."

அறுபதையும் ஒரே நாளில் அறுத்தாள். பதினெட்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

"இவ்வளவு வைக்கோல் சேந்துபோச்சு, மாடு எப்பக்கா வாங்கப் போறீங்க?" என்றார் காவலாளி.

"எதுக்கு, நீ இருக்கியே! போய் கேட்டைப் பாருய்யா."

வாய்தான் அப்படிப் பேசியது. கண் மொட்டைத் தூர்களையே சுற்றி வந்தது. அன்றே அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"காலைல வந்ததும் செத்த செடி மூஞ்சிலயா முழிக்கிறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லைன்னா பழையபடி புல்தரைதான். அதுக்குப் புல்தரை போடுற கான்ட்ராக்டரே ஆள் கூட்டிட்டு வருவார். நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

செடியின் முகத்தில் விழித்து யாருக்கும் பதவி போனதில்லை. அதிகாரியின் முகத்தில் விழித்து வேலை போனவர்கள்தான் ஏராளம்.

தினமும் மண்டியிட்டு ஒவ்வொரு தூராக நடுவில் விரல்விட்டுப் பார்த்தாள். கறுத்து, தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. நானேதான் கொன்றுவிட்டேனோ? சொன்னது அவர், அறுத்தது என் கை. யார் தலை உருளும் என்று கேட்கவா வேண்டும்?

வியாழக்கிழமை மதியம் எழுந்து நின்றாள். மேலே பார்த்துப் புலம்பி என்ன கண்டோம், உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தூரைத் தோண்டியெடுத்து, மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்தாள்.

நடுவில் வெறும் பொக்கை. பிறகு ஓரத்து மண்ணைத் தட்டினாள். வெள்ளை வெள்ளையாய், அரிசிமணி போல மொட்டுகள்! தூருக்கு வயதாக ஆக நடு செத்து, உயிர் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இளம் தூரைப் பார்த்துப் பழகிய கண் இத்தனை நாளும் நடுவையே துழாவியிருக்கிறது.

பாதித் தூரைத் தூக்கிக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனாள்.

"ஏய், மேசை மேல வைக்காதீங்க!"

"தொட்டுப் பாருங்க சார். செத்ததுக்கு மொட்டு வருமா?"

அவர் பேனா முனையால் குத்திப் பார்த்தார். ஒரு மொட்டு முறிந்தது. உள்ளே ஈரம்.

"சரி, இன்னும் பத்து நாள்."

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. கிறுக்கிக் கொடுத்தார்.

வேர் காய்வதற்குள் நட்டாக வேண்டுமே என்று தூரை அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றார் காவலாளி.

"பத்து நாள்."

"உங்களுக்கா, புல்லுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

இரண்டு பாதிகளையும் தனித்தனியே நட்டு மண் அணைத்தாள். இப்போது அறுபத்தொன்று. மண்ணுக்கடியில் மொட்டு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. பத்து நாளில் அது மேலே வந்துவிடுமா? காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த தூரின் ஓரத்து மண்ணை விரலால் மெல்ல விலக்கினாள்.