அக்னி லிங்கத்தில் நிறுத்தம்

எங்கள் தெருவில் தசரதன் மாமாவைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என் அக்கா கஸ்தூரியின் கணவர். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகாய் போடாத சாம்பார் வைத்தே பாதி ஆயுள் போயிற்று. மீதியைப் பீடியும் சர்க்கரை வியாதியும் பங்கு போட்டுக்கொண்டன.

பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம் போவார். துணைக்கு நான். விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தவர், இரண்டு வருஷமாக மலையைச் சுற்றி இருக்கிற எட்டு லிங்கத்திலும் உட்கார்ந்து கண்ணை மூட ஆரம்பித்தார். பிறகு எட்டு லிங்கம் போதவில்லை. வழியில் இருக்கிற பிள்ளையார், நந்தி, சாமியார் சமாதி என்று ஒன்றையும் விடவில்லை. எங்களுக்குப் பின்னால் கிளம்பிய கிழவிகளெல்லாம் முந்திப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"உன் மாமாவுக்கு பக்தி ஜாஸ்தியாயிடுச்சுடா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

சித்திரை பௌர்ணமிக்கு வெயில் இறங்குவதற்குள்ளேயே கிளம்பினோம். தார் சுட்டு, அவருடைய வலது கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அக்கா பார்த்தபோது விரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாமாவின் பாதத்தில் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். கிடைக்கவில்லை.

"எவ்ளோ தூரம் நடந்தா ஆடுசதை பிடிக்கும்?"

மாமா அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "மொதல்ல இந்திர லிங்கத்துலேர்ந்து அக்னி லிங்கம் வரைக்கும் போவேங்க. அப்பறம் பாதியிலயே பிடிச்சுக்கும். உக்காந்தா வுட்டுடும், திரும்ப நடப்பேன். இப்ப தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும்தான்."

வலி சீக்கிரம் வர வர, சாமிகளைக் கிட்டக் கிட்டத் தேடியிருக்கிறார் மனுஷன். அக்கா புடவைத் தலைப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. கையில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால், எங்கே அடைப்பு, அதற்குக் கீழே நல்ல குழாய் மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஒட்டுப் போட்டுக் காலைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் எடுக்க வேண்டும்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது. மாமாவின் வெள்ளி அரைஞாணில் திருகு இறுகிப்போயிருந்தது. கட்டிங் பிளேயரால் அறுத்தார்கள். பிணத்துக்குத்தான் அதை அறுப்பது வழக்கம். அக்கா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெளியே வந்தவரிடம், "எப்டி இருந்துச்சு மாமா?" என்றேன்.

"மருந்து ஏறும்போது கை ஜில்லுனு இருந்துச்சு. காலுதான் ஒண்ணும் தெரியல."

மறுநாள் டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். இடது காலில் வெள்ளைக் கோடுகள் பாதம் வரைக்கும் இறங்கியிருந்தன. வலது தொடை நடுவில் கோடு நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே கொஞ்ச தூரம் நூல் நூலாக ஏதோ தெரிந்தது. அப்புறம் ஒரே இருட்டு.

"ஒட்டுப் போட்டா கொண்டுபோய் சேக்கறதுக்குக் கீழ குழாய் இல்லீங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்."

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்றாள் அக்கா.

"அப்ப வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா."

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். மாமாவின் கால் அக்காவின் மடிமேல் இருந்தது. அவள் கேட்டாள்.

"அங்கெல்லாம் உக்காந்து கண்ண மூடினியே, இன்னா கும்புட்ட?"

"எங்க கும்புட்டேன்? வலி அடங்கட்டும்னு கெடந்தேன். நீ தெருவெல்லாம் சந்தோசமா சொல்லினு இருந்த. நான் இன்னா சொல்றது?"



அக்னி லிங்கம் வந்ததும் ஆட்டோ வேகம் குறைந்தது. டிரைவர் அருள்ராஜ் எங்கள் தெருதான். சாமி இங்கே உட்காராமல் போகமாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

"நிறுத்தாத, போ" என்றாள் அக்கா.

"நிறுத்துப்பா" என்றார் மாமா. "இன்னைக்குக் கும்புட்டுட்டுப் போறேன்."

இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. அக்கா கோயில் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்தாள்.

அவள் பிடித்திருப்பது மாமாவுக்குத் தெரிந்திருக்காது.